கழுத்து வளையம் இல்லாத பாட்டில்

பழைய பாட்டில்களை அரைக்கும் அந்த ஆலையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. ஆளுக்கு வழங்குவது ‘புள்ளியக்கா’ என்பதுதான். தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் நட்டநடுவே ஒரு சின்னப் புள்ளி துருத்திக்கொண்டிருக்கும். அதே பளபளப்போடு இன்னொரு வகை பாட்டிலும் உண்டு. அதற்குப் புள்ளி கிடையாது, அடியில் குறுக்கே ஒரு கோடு ஓடும். அது பிவிசி. பார்வைக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர், உருக்கினால் ஜென்மப் பகை. கோடு போட்ட பாட்டில் ஒன்று கண் தப்பி உள்ளே போனால் போதும், உருகும் இடத்தில் அது கருகி, மூட்டை மூட்டையாக இருக்கும் நல்ல பாட்டில் சில்லை எல்லாம் பழுப்படித்துவிடும்.

“புள்ளி இருந்தா உள்ள, கோடு இருந்தா வெளிய.” பெல்ட்டின் மூன்றாவது இடத்தில் நின்றுகொண்டு பதினேழு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாட்டில்கள் லாரியில் வரும்போது அழுத்திக் கட்டிய பெரிய பெரிய கட்டுகளாக வரும். கம்பியை வெட்டினால் கட்டு பொலபொலவென்று சரியும். சரிந்தது பெல்ட்டில் ஏறும். இருபது பேர் இரண்டு பக்கமும் நின்று மூடியைக் கழற்றி, லேபிளைக் கிழித்து, நிறம் பிரித்து அனுப்ப, அந்தப் பக்கம் இயந்திரம் அதைக் கடித்துச் சில்லுச் சில்லாகத் துப்பும். பிறகு குளிப்பாட்டல், உலர்த்தல், மூட்டை. அந்த மூட்டை எங்கேயோ போய் நூலாகிச் சட்டையாகிறது, மறுபடி பாட்டிலுமாகிறது. ஒரே பாட்டில் தன் கைக்குத் திரும்பி வந்திருக்குமோ என்று புள்ளியக்காவுக்குச் சில நேரம் தோன்றும். தோன்றினால் அதற்கும் ஒரு கவலை பிறக்கும்.

கவலைப்படுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்களுக்குச் சாப்பாடு எப்படியோ அவளுக்குக் கவலை அப்படி, வேளா வேளைக்கு வேண்டும். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவாள். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். பத்தடி நடந்துவிட்டு வந்து இன்னொரு தரம் இழுப்பாள். “பூட்டு ஒருநாள் கையோட வரப்போகுது, பாரு” என்பான் அவள் புருஷன். அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன், எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் பிறவி. “கவலைப்பட ஒன்னும் இல்லேன்னா, ஏன் இல்லேன்னு கவலைப்படுவா இவ” என்று வேன் பிள்ளைகளிடம் கூடச் சொல்லி வைத்திருக்கிறான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுக்குப் பதினொரு பிள்ளைகள். எல்லாம் காலையில் ஏற்றி மதியம் இறக்கிவிடுகிற பாலர் வகுப்புப் பிள்ளைகள். மாலையில் வீட்டுக்கு வந்தால் அவர்கள் பேச்சுதான். முன்பல் விழுந்தவள் இன்று என்ன சொன்னாள், தூங்குமூஞ்சி எந்தத் திருப்பத்தில் கண்ணசந்தான், எதற்கெடுத்தாலும் வாதாடும் ‘வக்கீல்’ யாரோடு சண்டை போட்டான் என்று. புள்ளியக்கா அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பார்த்ததே இல்லை. ஆனால் யாருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் குமட்டும் என்பது வரை அவளுக்குத் தெரியும். மதியம் பள்ளி விட்டு ஏறும்போது தொண்டை வறண்டு ஏறுகிறார்கள் என்று அவன் ஒருநாள் சொன்னதிலிருந்து, வேனில் எட்டு பாட்டில் தண்ணீர் வைப்பது வழக்கமாயிற்று. எட்டையும் பொறுக்கிக் கொடுத்தவள் அவள்தான். கீறல் இல்லாமல், கசங்கல் இல்லாமல், புத்தம் புதிதாக வந்த பாட்டில்கள்.

வீட்டிலும் பாட்டில் ராஜ்ஜியம்தான். இரண்டு அறை வீடு. பருப்பு பாட்டிலில், சர்க்கரை பாட்டிலில், பொத்தான் ஊசி பாட்டிலில். வெட்டிய பாட்டில் மாவு அள்ளும், கவிழ்த்த பாட்டில் செடிக்குச் சொட்டு நீர் விடும். வீசி எறிய அவளுக்கு மனசு வராது. எறிந்தால் எங்கே போய் எங்கே வரும் என்று தெரிந்தவள் அல்லவா.

இனி அந்தக் கழுத்து வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புது பாட்டிலின் மூடியைத் திருகினால் கடகடவென்று தெறித்து, மூடிக்குக் கீழே ஒரு வளையம் கழுத்திலேயே தங்கிவிடும் இல்லையா, அதுதான். வெளியில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆலையில் மட்டும் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. சில்லில் ஒட்டியிருக்கும் பசையையும் பிசுக்கையும் போக்க, சுடுநீர்த் தொட்டியில் காஸ்டிக் சோடா கலப்பார்கள். அதைக் கெட்டியாகக் கரைத்து ஒரு நீலப் பீப்பாயில் வைத்திருப்பார்கள். பார்த்தால் பச்சைத் தண்ணீர். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தோலில் பட்டால் வெந்துவிடும், வாயில் பட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டில் அடைத்துக்கொண்ட குழாய்க்கு அதைப் போல மருந்தும் கிடையாது. ஆகவே, ‘ரசாயனம் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, மீறினால் வேலை நீக்கம்’ என்று பெரிய எழுத்தில் மாட்டியிருக்கும் பலகைக்குக் கீழேயே, ஆளாளுக்குப் பையில் அரை பாட்டில் காஸ்டிக்கோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

முன்பொரு காலத்தில் சுமை தூக்குகிறவர் ஒருவர் தெரியாமல் அப்படி ஒன்றில் வாய் வைத்துவிட்டார். துப்பிவிட்டார், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு மாதம் உறிஞ்சு குழாய் வைத்துத்தான் சாப்பிட்டார். அதிலிருந்து யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் வந்தது. காஸ்டிக் ஊற்றுகிற பாட்டிலின் கழுத்து வளையத்தை முதலில் அறுத்துப் போட்டுவிட வேண்டும். வளையம் இருந்தால் குடிக்கலாம், வளையம் இல்லையென்றால் தொடாதே. அந்த ஆலைக்காரர்கள் கண்ணுக்கு வளையமில்லாத பாட்டில் மண்டை ஓடு வரைந்த பாட்டில் மாதிரி. உலகத்தில் மற்ற எல்லோருக்கும் அது வெறும் பாட்டில். இந்த வித்தியாசம் அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவ்வளவு கவலைப்படும் புள்ளியக்காவுக்கே உறைக்கவில்லை.

ஒரு நாள் மாலை அவளும் அரை லிட்டர் பாட்டிலில் காஸ்டிக் கொண்டுபோனாள். சமையலறைத் தொட்டி மூன்று நாளாக அடைத்துக்கொண்டு கழுத்தை அறுத்தது. பாதியை ஊற்றினாள், அரை மணியில் கொடகொடவென்று இறங்கிற்று. மிச்சப் பாதியைக் குளியலறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மூடியை இறுக்கி, மூன்று தரம் இறுக்கிப் பார்த்து, சோப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். புருஷனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. வளையம்தான் இல்லையே, பார்த்தாலே தெரியுமே.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குச் சூப்பர்வைசர் விசில் ஊதினார். சாப்பாட்டுக்கும் விசில், வேலைக்கும் விசில், கோபம் வந்தாலும் விசில் என்பதால் அவருக்குப் பெயர் விசில் சார். பெல்ட் நின்றது. செல்போன்கள் எல்லாம் வேலை நேரத்தில் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அவரிடம் மட்டும்தான் போன் இருக்கும். புள்ளியக்கா முதல் ஆளாகப் போய்த் தன்னுடையதை எடுத்தாள். அவள் எப்போதும் முதல் ஆள்தான், ஏதாவது கெட்ட சேதி வந்திருக்குமே. பக்கத்து இடத்தில் நிற்கும் சின்னவள் சிரித்தாள். லேபிள் உரிப்பதில் கெட்டிக்காரி, உரித்துக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவதிலும் கெட்டிக்காரி, அதனால் அவள் பெயர் லேபிள். கைக்குழந்தைக்காரி. “என்னக்கா, இன்னிக்கு யாரு செத்துட்டாங்க?” என்றாள்.

புருஷன் குரலில் ஒரு சேதி பதிவாகியிருந்தது.

“ஏம்மா, ஒரு நல்ல விஷயம். பசங்க பள்ளிக்கூடத்துல பாட்டில் மூடியும் வளையமும் தனியாச் சேர்த்துக் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. எந்த வண்டி நிறையக் கொண்டாருதோ அந்த வண்டிக்குக் கைத்தட்டாம். வக்கீலு விடுவானா, என்னை உலுக்கி எடுத்துட்டான். நீ கெளம்பினதுக்கப்புறம் பிளேடை எடுத்து உட்கார்ந்தேன். வீட்டுல ஒரு பாட்டில் விடல, வண்டியில வெக்கிற எட்டும் சேர்த்து எல்லா வளையத்தையும் அறுத்துட்டேன். அறுபத்தொன்னு. உங்க ஆலைக்காரங்களும் வளையம் வேற, பாட்டில் வேறன்னு தானே சொல்லுவீங்க. சந்தோஷமா?”

அவள் முதலில் சிரித்தாள். அந்த மனுஷன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாக அறுப்பது கண்ணில் வந்தது. அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டில் இருக்கும் எல்லா பாட்டிலுக்கும் இப்போது வளையம் இல்லை. எது தண்ணீர், எது காஸ்டிக் என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தை அவன் அறுபத்தொரு தரம் அறுத்துப் போட்டிருக்கிறான். சோப்பு டப்பாவுக்குப் பின்னால் அது பாட்டுக்கு நிற்கிறது, பச்சைத் தண்ணீர் போல. வேனுக்கு எட்டு பாட்டிலை எங்கே வைத்து நிரப்புவான்? அதே தொட்டியில். எங்கே வரிசையாக வைப்பான்? அதே இடத்தில்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது, நானே செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியவளே அவள்தான். ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ சத்தியம் செய்து மறுநாளே மறந்துபோகிறார்கள். இந்த மனுஷன் மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். மறுபடி போட்டாள், மறுபடி அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டரைக்குப் பள்ளி விடும். ஓடி வந்து ஏறும் பிள்ளை முதலில் பாட்டிலைத்தான் பிடுங்கும். வக்கீல்தான் எப்போதும் முதல் ஆள் என்று புருஷன் பெருமையாகச் சொல்வான்.

“லேபிள், என் சாப்பாட்டையும் நீயே சாப்பிட்டுடு, நான் வர நேரமாகும்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். என்ன ஏது என்று லேபிள் கேட்டது காதில் விழவில்லை.

வேலை நேரம் முடியாமல் வெளியே போக விசில் சாரிடம் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் காரணம் எழுத வேண்டும். அவர் எடைமேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், வெளிய போகணும். வீட்டுல உடம்பு சரியில்ல.”

“யாருக்கு?”

“அவருக்கு.”

“அவரு இப்போ வண்டிதானே ஓட்டிக்கிட்டிருப்பாரு. நேத்து கேட்ல நிக்கும்போது நல்லாத்தானே இருந்தாரு.” அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சீட்டில் எழுத ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். “மூணு மணிக்குப் போயேன். சாயங்கால லோடு இருக்கு, மூணாவது எடத்துல உன்ன விட்டா யாரு?”

நடந்து போனால் ஒன்றரை மணி. பஸ்ஸுக்கு நின்றால் அது வரும்போதுதான் வரும். கேட்டருகே ஆலையின் பிக்கப் வண்டி நின்றது. அதை விபத்து, அடிபட்டது என்றால்தான் கொடுப்பார்கள். வாயைத் திறந்தால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்குகிறது. நாற்பத்தாறு வயசு. பாட்டிலின் அடியைப் பார்த்தே இனம் சொல்லும் வித்தை ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதை வெளியில் யார் விலை கொடுத்து வாங்கப் போகிறார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடிற்று. ஓடி என்ன, நாக்கு அதற்குக் காத்திருக்கவில்லை.

“சார், நேத்து காஸ்டிக் எடுத்துட்டுப் போனேன். தண்ணி பாட்டில்ல. அது வேன் பாட்டிலோட கலந்துருச்சு போல. பன்னெண்டரைக்குக் கொழந்தைங்க குடிப்பாங்க.”

விசில் சார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போயிற்று, அது கோபம் இல்லை. எழுந்து போய்ப் பிக்கப் ஓட்டும் அண்ணனின் தோளைத் தட்டினார். “இவங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஹாரன்ல கைய எடுக்காதீங்க.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “திரும்பி வந்ததும் என்னப் பார்த்துட்டுப் போ” என்றார்.

அந்த இருபது நிமிஷத்தை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். பிக்கப் அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமும் அவள் பட்ட கவலையெல்லாம் சும்மா விளையாட்டு என்று அப்போது புரிந்தது. பூட்டைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் கவலைப்படும்போது அடியில் ஒரு சுகம் இருக்கும், ஒன்றும் ஆகாது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும். இதில் அது இல்லை. முன்பல் விழுந்தவளின் வாய், தூங்குமூஞ்சியின் தொண்டை என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தது. பார்க்காத முகங்கள் ஆதலால் வாயும் தொண்டையுமாகவே வந்தன. அவன் பிள்ளைகளை நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பைத் தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது.

பள்ளி வாசலில் பிக்கப் நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். மஞ்சள் வேன் மரத்தடியில் நின்றது. மணி அடித்திருந்தது. பிள்ளைகள் கேட்டுக்குள் வரிசையில் நெளிந்துகொண்டிருந்தார்கள், இன்னும் விடவில்லை. புருஷன் சத்தம் அணைத்த போனை முன் இருக்கையிலேயே போட்டுவிட்டு, வேன் கதவைத் திறந்து வைத்து, எட்டு பாட்டிலையும் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நீ எங்க இங்க?” என்றான். சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் நின்றான்.

“யாராவது குடிச்சாங்களா? காலையில யாராவது குடிச்சாங்களா?”

“காலையில யாரு குடிப்பா? இப்பத்தானே அடுக்குறேன். என்னாச்சும்மா?”

முதல் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்தாள். காஸ்டிக் என்றால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும், கழுவினாலும் போகாது. வழுக்கவில்லை. தண்ணீர். இரண்டாவது, தண்ணீர். அவசரத்தில் மூன்றாவது மூடி உருண்டு வண்டிக்கடியில் போயிற்று. நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் தண்ணீர். கேட்டைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் திமுதிமுவென்று ஓடி வந்தன. எல்லோருக்கும் முன்னால் வந்த பொடியன் கையை நீட்டி, “நான்தான் ஃபர்ஸ்ட்டு, எனக்குத்தான் முதல்ல” என்றான். அவன்தான் வக்கீல் என்று சொல்லாமலே தெரிந்தது. அவனை ஒரு கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஏழாவதைப் பார்த்தாள். தண்ணீர்.

எட்டாவதைக் கையில் எடுத்ததும் அவளுக்கு அதைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டிலின் தோள்பட்டையில் ஒரு பக்கமாக மெல்லிய கீறல்கள் இருந்தன. அவள் பையின் ஜிப் தினமும் உரசி விழுந்த கீறல்கள். அது அவளுடைய சொந்த பாட்டில், அவள் ஆலைக்குத் தினமும் கொண்டுபோவது.

“இது என்னோடது. இது ஏன் இங்க இருக்கு?”

“வண்டி பாட்டில் ஒன்னு அடியில விரிஞ்சிருந்துச்சு. அதான் உன்னோடத எடுத்துக்கிட்டேன்.”

“அப்போ என் பையில?”

“தொட்டி பக்கத்துல ஒன்னு இருந்துச்சே, சோப்பு டப்பாவுக்குப் பின்னால. பாதி தண்ணி இருந்துச்சு. மேல கொஞ்சம் ஊத்தி நெரப்பி உன் பையில வெச்சேன். நீ குளிச்சிட்டிருந்த.”

அவள் பை ஆலையில் சாப்பாட்டு அறைக் கொக்கியில் தொங்குகிறது. காலையிலிருந்து அவள் அதைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டை நீயே சாப்பிட்டுவிடு என்று லேபிளிடம் தானே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். லேபிள் எந்த நாளும் சொந்தமாகத் தண்ணீர் கொண்டுவந்ததில்லை. அக்கா பை இருக்கும்போது எனக்கெதுக்கு என்பாள். மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு.

லேபிளின் போனுக்குப் போட்டாள். எடுக்கவில்லை, அரை மணிச் சாப்பாட்டு நேரம் முடிந்து இந்நேரம் அலமாரிக்குள் போயிருக்கும். விசில் சாருக்குப் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடைமேடைச் சத்தத்தில் அந்த மனுஷனுக்கு எப்படிக் கேட்கும். மூன்றாவது தரம் எடுத்தார்.

“சார், லேபிள். என் பை. பாட்டில் என் பையில இருக்கு சார். வேன்ல இல்ல. என் பையில.”

அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. மூச்சு இரைக்கிற சத்தம், ஒரு கதவு, பிறகு பெல்ட்டின் இரைச்சல் வந்து எல்லாவற்றையும் மூடிற்று. அவள் வேன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் ஒன்றும் புரியாமல், ஆனால் ஏதோ பெரிது என்று புரிந்து, அவள் தோளில் கை வைத்தபடி நின்றான். போனில் இரைச்சல் நின்றது, யாரோ பெல்ட்டை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அமைதிதான் அவளை அதிகம் பயமுறுத்திற்று. நடு வேலையில் பெல்ட்டை நிறுத்துவது யாருக்காவது ஏதாவது ஆனால் மட்டும்தான்.

“அக்கா.”

லேபிளின் குரல்.

“என்னக்கா, எனக்குப் பொறையேறுது, தண்ணி தண்ணின்னு தவிச்சுட்டேன். பைய திறந்தா கழுத்துல வளையம் இல்லாத பாட்டில். தொடல. குழாயில போய்க் குடிச்சேன். என் மேல அப்படி என்னக்கா கோவம் உனக்கு?”

புள்ளியக்கா அழுதாள். அத்தனை பிள்ளைகள் முன்னால், வேன் படியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வக்கீல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் மடியிலிருந்து உருண்ட எட்டாவது பாட்டிலை எடுத்து அவளிடமே நீட்டி, “நீங்க முதல்ல குடிச்சுக்கோங்க” என்றான்.

ஆலைக்குத் திரும்பி வந்தபோது அந்தக் காஸ்டிக் பாட்டில் விசில் சாரின் மேஜைமேல் நின்றது. அவர் திட்டவில்லை. “நாளைக்குக் காலையில மேனேஜர் வர்றாரு. நான் எழுதித்தான் ஆகணும். கம்பெனி வண்டி வெளிய போயிருக்கு, பெல்ட் நின்னிருக்கு, மறைக்க முடியாது” என்றார். “எழுதுங்க சார்” என்றாள் அவள். அன்று மாலை வீட்டில் அறுபத்தொரு பாட்டிலையும் இறக்கி வைத்து, தண்ணீர் அல்லாத எதுவும் எதிலும் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பருப்பு பாட்டிலைக்கூட விடவில்லை. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து திறந்து கொடுத்தான். ஒரு நக்கல் பேச்சு வரவில்லை அவன் வாயிலிருந்து. கடைசியில் மட்டும், “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றான்.

மறுநாள் கையுறையையும் தலைத்துணியையும் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள், ஒப்படைத்துவிட்டு வருவதற்கு. கேட்டில் நுழையும்போதே விசில் சாரின் மேஜை கண்ணில் பட்டது. நேற்று ஒரு பாட்டில் இருந்த இடத்தில் இன்று இடமே இல்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர், பச்சை, வெள்ளை என்று பாட்டில்கள். பெல்ட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, தங்கள் இடத்துக்குப் போனார்கள். தொட்டிக்கு காஸ்டிக் கலக்குகிறவர் மூன்று வைத்தார். எதற்கும் கழுத்து வளையம் இல்லை. நேற்று மாலை எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் தங்கள் சமையலறையைப் பார்த்திருக்கிறார்கள்.

மேனேஜர் வந்து நின்று பார்த்தார். யாரை எழுதுவது, யாரை விடுவது என்று அவருக்குப் புரியவில்லை. “இதெல்லாம் யாரோடது?” என்றார். விசில் சார் தன் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து வந்து, மேஜை விளிம்பில் கொஞ்சம் இடம் பண்ணி வைத்தார்.

“இது என்னோடது சார்” என்றார். “மூணு மாசமா எங்க வீட்டுப் பாத்ரூம்ல இருந்துச்சு.”

மேனேஜர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பாட்டில்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் சுடுநீர்த் தொட்டியில் ஊற்றச் சொன்னார். நீலப் பீப்பாய்க்கு இன்றே பூட்டுப் போடச் சொன்னார். புள்ளியக்காவைக் கூப்பிட்டு, “கையுறைய மடிச்சு வெச்சுக்கிட்டு எதுக்கு நிக்கறீங்க, பெல்ட் ஓட வேணாமா?” என்றார். மடித்த கையுறையை அவள் விரித்து மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது இடத்தில் போய் நின்றதும் பக்கத்தில் பார்த்தாள். லேபிள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“நீயும் வெச்சியா? எது உன்னோடது?”

“அந்தப் பச்ச பாட்டில்.” லேபிள் அவள் பக்கம் திரும்பவில்லை. “கட்டிலுக்கு அடியில இருந்துச்சுக்கா. போட்டது மறந்தே போச்சு. நேத்து குனிஞ்சு பார்த்தேன். பாப்பா இப்போ தவழுறா இல்ல, அது கிட்டப் போய் உட்கார்ந்து மூடியைக் கடிச்சிட்டிருந்தா.”

விசில் ஊதிற்று. பெல்ட் நகர்ந்தது. புள்ளியக்கா முதல் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள், பிறகு நிமிர்த்திக் கழுத்தையும் பார்த்தாள். லேபிள் அன்று பொழுது சாயும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.